பீட்டல் டேஷ்போர்டு: வெட்டாமல் சாயம் அடிப்பது எப்படி?

கேள்வி: ஐயா, வணக்கம். என் தாத்தா தோட்ட மருத்துவமனையில் டிரெசராக இருந்தபோது வாங்கிய 1965-ஆம் ஆண்டு வோக்ஸ்வேகன் பீட்டல் இன்னும் எங்களிடம் இருக்கிறது. வெளிச்சாயம் நன்றாகவே உள்ளது, கிரீம் கலந்த மாதிரி ஒரு வெள்ளை. டேஷ்போர்டுதான் பார்க்கச் சகிக்கவில்லை. அப்பா கேசட் ரேடியோ வைப்பதற்காக ரேடியோ ஓட்டையை வெட்டிப் பெரிதாக்கியிருக்கிறார். பிள்ளையார் சிலையை ஒட்டியிருந்த இடத்தில் சாயம் பெயர்ந்து துரு தெரிகிறது. பக்கத்துப் பட்டறையில் கேட்டதற்கு, டேஷ்போர்டை அப்படியே வெட்டி எடுத்து, சாயம் அடித்து, மறுபடி வெல்டிங் வைத்துத் தருகிறோம் என்றார்கள். நானே கழற்றிக் கொடுத்தால் செலவு குறையுமா? எங்கிருந்து தொடங்குவது? – வாசகர், சுங்கை சிப்புட், பேராக், மலேசியா

பதில்: தம்பி, முதலில் அந்தப் பட்டறைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பீட்டலின் டேஷ்போர்டு, போல்ட்டில் மாட்டிய தனிப் பலகை கிடையாது. இரண்டு பக்கத் தூண்களோடும் முன்கண்ணாடிச் சட்டத்தின் அடிப்பாகத்தோடும் சேர்த்துத் தொழிற்சாலையிலேயே வெல்டிங் வைக்கப்பட்ட தகடு அது. ஸ்டீயரிங் தண்டின் மேல்பிடியும் அதன் அடியில்தான் இருக்கிறது. அதை வெட்டி எடுத்தால் கண்ணாடிச் சட்டம் இரண்டு மில்லிமீட்டர் கோணினாலும் போதும், புது ரப்பர் போட்டும் தண்ணீர் ஒழுகிக்கொண்டே இருக்கும். கதவு சாத்தும்போது இடைவெளியும் மாறிவிடும். சாயத்துக்காகச் செய்கிற வேலை இல்லை அது.

டேஷ்போர்டு இருந்த இடத்திலேயே இருக்கட்டும், அதில் மாட்டியிருப்பது எல்லாம் வெளியே வரட்டும். அந்தக் கழற்று வேலையை நீங்கள் தாராளமாகச் செய்யலாம், செலவும் உண்மையில் அங்கேதான் குறையும். சாயம் அடிக்கிறவர்கள் அவசரத்தில் ஸ்பீடோமீட்டரைக் கழற்றாமல் சுற்றி டேப் ஒட்டி அடித்துவிடுவார்கள். ஒரு வருடத்தில் அந்த ஓரத்திலிருந்து சாயம் செதில் செதிலாக எழும்பும். கழற்றினாலும் வயர்களுக்கு அடையாளம் வைக்க மாட்டார்கள்.

தொடங்குமுன்

பேட்டரி பின் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. மைனஸ் வயரை முதலில் எடுங்கள், மாட்டும்போது கடைசியாக மாட்டுங்கள். எடுக்கும்போதே பேட்டரியைப் பாருங்கள்: மேலே மூன்று மூடி இருந்தால் 6 வோல்ட், ஆறு மூடி இருந்தால் 12 வோல்ட். 1965 பீட்டல் தொழிற்சாலையிலிருந்து பொதுவாக 6 வோல்ட்டில் வந்தது. பிற்பாடு பலர் 12-க்கு மாற்றியிருக்கிறார்கள். பின்னால் பல்பு வாங்கும்போது இது தெரிந்திருக்க வேண்டும். இன்னொன்று, சீட்டின் அடிக் கம்பி பேட்டரி முனையில் உரசித் தீப்பற்றுவது பீட்டலின் பழைய வியாதி. பேட்டரிக்கு மூடி இல்லையென்றால் ஒரு தடித்த ரப்பர் பாயையாவது வெட்டி மேலே போடுங்கள்.

அடுத்தது பெட்ரோல் டாங்கி. பீட்டலில் டேஷ்போர்டின் பின்பக்கத்தை எட்ட முன் பானெட்டைத் திறந்து, உள்ளேயிருக்கும் அட்டை மறைப்பை எடுத்துவிட்டு, டாங்கியின் மேல் சாய்ந்துகொண்டுதான் வேலை செய்ய வேண்டும். கை நுழைகிற இடமும் பெட்ரோல் வாடை தங்குகிற இடமும் ஒன்றுதான். மூடியின் ரப்பர் வாஷர் நன்றாக இருக்கிறதா, குழாய் எங்காவது கசிகிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். ஹீட் கன், கிரைண்டர், பூச்சிவத்தி, சிகரெட் எதுவும் அந்தப் பக்கம் வரக்கூடாது. ரேடியோ ஓட்டையை அடைக்க வெல்டிங் வைப்பதாக இருந்தால் டாங்கி காரில் இருக்கவே கூடாது. நான்கு போல்ட்டும் அதன் பிடித்தகடுகளும்தான் அதைப் பிடித்திருக்கின்றன. பெட்ரோலை இறக்கிவிட்டு, டாங்கியை எடுத்து, வேலை நடக்கிற கொட்டகைக்கு வெளியே வைத்துவிடுங்கள். காலி டாங்கி என்று அலட்சியம் வேண்டாம். நிறைந்த டாங்கியைவிட ஆவி நிறைந்த காலி டாங்கிதான் வெடிக்கும்.

கழற்றும் வரிசை

படம் எடுங்கள், அது மட்டும் போதாது. ஒவ்வொரு வயரிலும் மாஸ்கிங் டேப்பைக் கொடி மாதிரி மடித்து ஒட்டி, பென்சிலில் எழுதுங்கள். பேனா மை தின்னர் பட்டால் கரைந்துவிடும், வியர்வைக்கே மங்கிவிடும். எழுத வேண்டியது நிறத்தை அல்ல, எண்ணைத்தான். ஜெர்மன் வண்டிகளில் சுவிட்சின் ஒவ்வொரு முனையிலும் ஓர் எண் பொறித்திருப்பார்கள்: 30 பேட்டரியிலிருந்து நேராக வரும் மின்சாரம், 15 சாவி திருப்பினால் வருவது, 31 எர்த், 50 ஸ்டார்ட்டர், 56 முன்விளக்கு, 58 சிறு விளக்கு, 53 வைப்பர், 61 சார்ஜ் விளக்கு. அறுபது வருட அழுக்கில் எந்த வயர் நீலம், எந்த வயர் நீலப்பச்சை என்று கண்ணுக்குத் தெரியாது. முனையை ஒரு துணியால் துடைத்தால் எண் தெரிந்துவிடும். வயரின் உண்மையான நிறம் வேண்டுமென்றால் முனையிலிருந்து ஓர் அங்குலம் உள்ளே, உறை நழுவியிருக்கும் இடத்தில் பாருங்கள்.

முதலில் ஸ்டீயரிங் வீலை எடுத்துவிடுங்கள். எடுக்காமலும் செய்யலாம்தான், ஆனால் சேண்ட்பேப்பர் பிடித்த கை அதற்குப் பின்னால் சரியாகப் போகாது. சக்கரங்களை நேராக நிறுத்தி, ஹார்ன் மூடியை எடுத்து, 27 மி.மீ. சாக்கெட்டில் நட்டைக் கழற்றுங்கள். வீலை உருவுவதற்கு முன்பு தண்டிலும் வீலிலும் ஒரே கோட்டில் ஓர் அடையாளம் போட்டுவிடுங்கள். சுத்தியலால் தண்டைத் தட்டாதீர்கள், திருகு நசுங்கிவிடும். நட்டை இரண்டு சுற்று மட்டும் தளர்த்தி விட்டுவைத்து, வீலை இருபுறமும் மாற்றி மாற்றி உங்கள் பக்கம் இழுத்தால் வந்துவிடும். நட்டு அங்கேயே இருப்பதால் வீல் திடீரென்று விடுபட்டு முகத்தில் மோதாது.

பிறகு குமிழ்கள். விளக்கு, வைப்பர் இரண்டும் இடப்பக்கம் திருகினால் கழலும். இறுகியிருந்தால் பிளையர் வேண்டாம், ரப்பர் கையுறை போட்டுத் திருகுங்கள். பழைய பிளாஸ்டிக் எளிதில் உடையும். குமிழ் போனதும் இரண்டு பக்கம் பள்ளம் வெட்டிய வட்ட நட்டு தெரியும். அதற்கென்று தனி ஸ்பேனர் உண்டு. கிடைக்காவிட்டால் ஓர் அகலமான பழைய ஸ்குரூடிரைவரின் நடுவை அரத்தால் தோண்டி, இரண்டு பல் மட்டும் நிற்கும்படி செய்துகொள்ளலாம். ஊசிமூக்குப் பிளையரை வைத்துத் திருகினால் வழுக்கி டேஷ்போர்டில் ஆழமாகக் கீறல் விழும். நட்டு போனதும் சுவிட்ச் பின்பக்கமாக நழுவும். வைப்பர் சுவிட்சின் நடுவில் தண்ணீர் பீய்ச்சும் பொத்தான் இருந்தால், பின்னால் இரண்டு மெல்லிய குழாய்கள் இருக்கும். எது தண்ணீர்ப் புட்டியிலிருந்து வருகிறது, எது கண்ணாடிக்குப் போகிறது என்று அதிலும் எழுதுங்கள். மாற்றி மாட்டினால் தண்ணீர் வராது.

ஸ்பீடோமீட்டரை முன்பக்கத்திலிருந்து நெம்பாதீர்கள். பானெட் பக்கம் போய், கேபிளின் வட்ட நட்டைக் கையால் கழற்றி, பல்பு பிடிகளை ஒவ்வொன்றாக உருவி, இருபுறமும் பிடித்திருக்கும் இரண்டு ஸ்குரூவைத் தளர்த்துங்கள். இன்னொருவர் காருக்குள் உட்கார்ந்து இரண்டு கையாலும் வாங்கிக்கொள்ள வேண்டும். சுற்றியிருக்கும் ரப்பர் வளையம் அநேகமாகக் கல்லாகியிருக்கும். அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள்.

அதன் பக்கத்தில் இருக்கும் பெட்ரோல் மீட்டரில் ஒரு விஷயம் உண்டு. 1962 முதல் 1967 வரை வந்த பீட்டலில் இது மின்சார மீட்டர் அல்ல. டாங்கிக்குள் மிதக்கும் மிதவை ஒரு மெல்லிய கேபிளை இழுத்து முள்ளை நகர்த்துகிறது. டாங்கியின் மேலிருக்கும் மூடியைத் திறந்து அங்கே கேபிளை விடுவித்த பிறகே மீட்டரை எடுக்க வேண்டும். கேபிள் ஓரிடத்தில் மடிந்துவிட்டால் முள் பாதியில் சிக்கி நிற்கும். கழற்றியதைத் தட்டு அகலத்துக்குச் சுருட்டித் தனிப்பையில் வையுங்கள்.

மற்றவை சுலபம். ஆஷ்டிரே இழுத்தால் வரும், அதன் கூடு ஸ்குரூவில் இருக்கும். பயணிப் பக்கக் கைப்பிடிக்குப் பின்னால் இரண்டு போல்ட்டு. குளோவ் பாக்ஸ் மூடியைக் கீலோடு எடுங்கள். உள்ளே இருக்கும் அட்டைப் பெட்டி ஈரத்தில் ஊறியிருந்தால் கைபட்டதும் கிழியும், மெதுவாக எடுங்கள். நீளவாக்கில் ஓடும் அலுமினியப் பட்டையை முன்னாலிருந்து நெம்பினால் நிச்சயம் வளையும், வளைந்ததை நிமிர்த்தவே முடியாது. பின்னாலிருந்து கிளிப்பின் காலை அழுத்தி ஒவ்வொன்றாக வெளியே தள்ளுங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் தனி ஜிப் பை, அதன் ஸ்குரூக்களும் அதே பையில். குமிழ்களையும் மற்ற பிளாஸ்டிக்கையும் தின்னரில் போடாதீர்கள், பாத்திரம் கழுவும் சோப்பு போதும்.

முன்கண்ணாடியை எடுக்க வேண்டுமா?

எடுக்கச் சொல்வதே என் கட்சி. டேஷ்போர்டின் மேல் விளிம்பு கண்ணாடி ரப்பருக்கு அடியில் போகிறது, பீட்டலில் துரு முதலில் பிடிக்கும் இடமும் அதுதான். ரப்பர் காய்ந்ததும் மழைத்தண்ணீர் அதற்கடியில் புகுந்து இரண்டு கீழ் மூலையிலும் தேங்கும். ஒரு சின்ன ஸ்குரூடிரைவர் முனையால் அந்த மூலைகளைக் குத்திப் பாருங்கள். சாயம் உப்பியிருந்து உள்ளே மொறுமொறுவென்று இருந்தால் கண்ணாடியை எடுத்தே ஆகவேண்டும். ரப்பர் நகம் வைத்தால் அழுந்தாத அளவுக்கு இறுகியிருந்தாலும் எடுத்துவிட்டுப் புது ரப்பர் போடுங்கள்.

ரப்பர் புதிதாக, மென்மையாக இருந்தால் மட்டும் விட்டுவைக்கலாம். அப்போதும் டேப்பை ரப்பரின் ஓரத்தில் ஒட்டி நிறுத்தக்கூடாது. மூன்று மில்லிமீட்டர் தடிப்புள்ள மழுங்கலான பிளாஸ்டிக் கயிற்றை ரப்பர் உதட்டுக்கு அடியில் சுற்றிலும் செருகினால் உதடு தூக்கிக்கொள்ளும், சாயம் அதற்கடியில் போய் முடியும். காய்ந்ததும் கயிற்றை எடுத்தால் உதடு படிந்து ஓரத்தை மறைத்துவிடும். கண்ணாடிக்குச் சூடான காற்று போகும் துளைகளில் தாள் அடையுங்கள். இல்லாவிட்டால் ஸ்ப்ரே காற்று உள்ளே போய், தங்கியிருக்கும் பழைய தூசியை ஈரச்சாயத்தின் மேலேயே திருப்பித் துப்பும்.

சுத்தம், பிறகுதான் சேண்ட்பேப்பர்

நம் ஊர்க் கார்களின் டேஷ்போர்டுக்குச் சாயம் ஒட்டாமல் போவதற்கு முதல் காரணம் பளபளப்புக்குத் தேய்க்கும் பாலிஷ். அதில் சிலிக்கோன் இருக்கும். சிலிக்கோன் இருக்கும் இடத்தில் புதுச்சாயம் விலகி ஓடி, நடுவில் குழியோடு வட்ட வட்டமாக நிற்கும். பட்டறைக்காரர்கள் மீன்கண் என்பார்கள். வாசனை ஜெல் கசிந்த இடம், சிலைக்குப் பூசிய சந்தன எண்ணெய், குங்குமம் கரைந்து ஊறிய இடம், இரண்டு பக்க டேப்பின் பசை எல்லாமே அதே வேலையைச் செய்யும். உங்கள் காரில் பிள்ளையார் இருந்த இடம் சரியாக இதுதான். துருவைப் பார்த்துப் பயப்படுவதைவிட அதைச் சுற்றியுள்ள எண்ணெய்க் கறையைப் பார்த்துப் பயப்படுங்கள்.

வரிசை முக்கியம். முதலில் சோப்புத் தண்ணீர், பிறகு சாயக்கடையில் விற்கும் மெழுகு-எண்ணெய் நீக்கி, அதற்குப் பிறகே சேண்ட்பேப்பர். முதலிலேயே தேய்த்தால் சிலிக்கோன் கீறல்களுக்குள் போய்விடும், பின்னால் எத்தனை துடைத்தாலும் வராது. நீக்கியைப் பயன்படுத்தும்போது ஒரு துணியால் நனைத்து, காய்வதற்குள் இன்னொரு காய்ந்த துணியால் எடுங்கள். ஒரே துணியால் இரண்டையும் செய்தால் அழுக்கு இடம் மாறுமே தவிரப் போகாது. பசையை மண்ணெண்ணெய் தொட்ட துணியால் ஊறவைத்து மழுங்கிய பிளாஸ்டிக் அட்டையால் சுரண்டலாம். முடிந்ததும் அந்த இடத்தை இன்னொரு முறை நீக்கியால் துடைக்க வேண்டும்.

பழைய சாயம் எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். குளோவ் பாக்ஸ் ஓட்டைக்குள், வெளியே தெரியாத இடத்தில், லேக்கர் தின்னர் நனைத்த துணியை அரை நிமிடம் அழுத்தி வையுங்கள். துணியில் நிறம் ஒட்டி வந்தால் பிற்காலத்தில் யாரோ அடித்த லேக்கர். அதன்மேல் நேராக 2கே சாயம் (ஹார்டனர் என்ற இறுக்கும் திரவத்தைக் கலந்து அடிப்பது) போட்டால் அடிச்சாயம் ஊறிச் சுருங்கி எழும்பும். அப்படிப்பட்ட இடத்தில் லேக்கரை முழுவதும் எடுத்துவிடுங்கள், அல்லது எப்பாக்ஸி பிரைமரை, அதாவது அடிப்பூச்சை, மெல்லியதாக அடித்து முதலில் அடைத்துவிடுங்கள். நிறம் வராவிட்டால் அது பெரும்பாலும் தொழிற்சாலையில் சூளையில் வைத்துக் காய்ச்சிய சாயம். அதைவிட நல்ல அடித்தளம் உங்களுக்குக் கிடைக்காது, அதை முழுவதும் எடுக்க வேண்டியதே இல்லை. சாயம் நீக்கும் களிம்பைப் பூசவும் கூடாது. அது தகடு மடிப்புகளுக்குள் இறங்கித் தங்கி, புதுச்சாயத்தை மாதக்கணக்கில் உள்ளிருந்து அரிக்கும்.

நல்ல இடங்களை 320 நம்பர் சேண்ட்பேப்பரால் தண்ணீர் விட்டுத் தேய்த்தால் போதும். துரு இருக்கும் இடத்தை 80, 180 என்று உலோகம் பளபளக்கும்வரை எடுத்து, சுற்றியுள்ள சாய விளிம்பை 240-ல் சரிவாக்குங்கள். விரலை ஓட்டினால் படி தட்டக்கூடாது. அறுபதுகளின் சாயத்தில் ஈயம் இருக்கக்கூடும், அதனால் உலர்ந்து தேய்க்க வேண்டாம். முகமூடி போடுங்கள், பிள்ளைகள் பக்கத்தில் வரவேண்டாம். தேய்த்த தண்ணீரை வாசலில் ஊற்றாதீர்கள்.

ரேடியோ ஓட்டை

கேசட் ரேடியோவின் கூடு சுமார் 182-க்கு 53 மி.மீ. பீட்டலின் பழைய ரேடியோவுக்கான இடம் அதற்குப் போதாது என்பதால்தான் எத்தனையோ டேஷ்போர்டுகள் வெட்டுப்பட்டன. முதலில் ஒன்றை முடிவு செய்யுங்கள்: ரேடியோ வேண்டுமா, பழைய தோற்றம் வேண்டுமா? ரேடியோ வேண்டுமென்றால் வெட்டிய ஓரத்தை அரத்தால் நேராக்கி அப்படியே விட்டுவிடலாம், அதில் கேவலம் ஒன்றுமில்லை.

பழைய வடிவம் வேண்டுமென்றால் 0.8 முதல் 0.9 மி.மீ. தடிப்புள்ள இரும்புத் தகட்டில் ஒட்டு வெட்டவேண்டும். சரியாகச் செய்யத் தெரிந்தவர் டிக் வெல்டிங்கில் புள்ளி புள்ளியாக, ஒரு புள்ளி ஆறியபின் எதிர்ப்பக்கம் அடுத்த புள்ளி என்று வைப்பார். ஒரே ஓட்டமாக ஓட்டினால் தட்டையான தகடு சூட்டில் அலையடித்துப் போகும், அந்த அலையை பட்டியால் (பள்ளம் நிரப்பும் பசை) மறைத்தாலும் பக்கவெளிச்சத்தில் தெரிந்துவிடும். வெல்டிங்குக்கு டாங்கி வெளியே, வயர்க்கட்டு ஓரமாக, பக்கத்தில் தீயணைப்பான் என்பதெல்லாம் சொல்லாமலே புரியும். சூடே வேண்டாமென்றால் இன்னொரு வழி: ஓட்டையைவிட எல்லாப் பக்கமும் 15 மி.மீ. பெரிய பின்தகட்டை, கார்த் தகடு ஒட்டும், இரண்டு பகுதி கலக்கும் பசையால் உள்பக்கம் ஒட்டி, அதன்மேல் ஓட்டைக்குச் சரியாகப் பொருந்தும் தகட்டை வைத்து, இடுக்கை மட்டும் பட்டியால் நிரப்புவது. டேஷ்போர்டின் அந்தப் பகுதி பாரம் தாங்குவதில்லை என்பதால் இது போதும். டாங்கி பக்கத்தில் இருக்கிற இந்த வண்டிக்கு நான் இதையே சொல்வேன். ஓட்டை முழுவதையும் வெறும் பட்டியால் அடைத்தால் மட்டும் நிற்காது, மண்சாலைக் குலுக்கலில் ஓரமெல்லாம் வெடித்துவிடும்.

நிறமும் அளவும்

நீங்கள் சொல்லும் கிரீம் வெள்ளை பெரும்பாலும் எல் 87, முத்து வெள்ளை. வோக்ஸ்வேகன் சாயங்களுக்கு இப்படி எல் என்ற எழுத்தும் எண்ணும் கொண்ட குறியீடு உண்டு: எல் 41 கறுப்பு, எல் 456 மாணிக்கச் சிவப்பு. ஈப்போவில் நல்ல சாயக்கடையில் அந்த எண்ணைச் சொன்னால் கலவை கண்டுபிடிப்பார்கள். ஆனால் எண்ணை மட்டும் நம்பவேண்டாம். வெளிச்சாயம் வெயிலில் மாறியிருக்கும், அல்லது ஒருமுறை மறுசாயம் கண்டிருக்கும். கதவைத் திறக்கும்போது டேஷ்போர்டும் கதவின் உள்விளிம்பும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும், அவை இரண்டும் ஒத்துப்போனால்தான் கண்ணுக்கு உறுத்தாது. கழற்றிய குளோவ் பாக்ஸ் மூடியைக் கடைக்குக் கொண்டுபோய், உள்பக்கத்தில் பாலிஷ் போட்டுத் தேய்த்த இடத்தில் அளந்து கலக்கச் சொல்லுங்கள். கலந்ததை ஓர் அட்டையில் அடித்து, கதவு விளிம்பில் வைத்து, வெயிலில் பார்த்தபிறகு மிச்சத்தை வாங்குங்கள். கடையின் டியூப் விளக்கில் எந்த வெள்ளையும் ஒத்துப்போகிற மாதிரிதான் தெரியும்.

டேஷ்போர்டு, மூடி, ஆஷ்டிரே முகப்பு எல்லாம் சேர்த்து ஒரு சதுர மீட்டர் அளவுதான். சாயம் அரை லிட்டர், அதற்கு ஹார்டனர் கால் லிட்டர், பிரைமர் அரை லிட்டர் வாங்கினால் மிஞ்சும். பல 2கே சாயங்களுக்குக் கலவை 2-க்கு 1, பத்து சதவீதம் தின்னர். பிரைமருக்கு 4-க்கு 1. டின்னில் வேறு அளவு போட்டிருந்தால் டின் சொல்வதுதான் சரி. நம் வெப்பத்துக்கு மெதுவாகக் காயும் ஹார்டனரும் தின்னரும் கேளுங்கள். வேகமானது போட்டால் மேல்தோல் முதலில் மூடிக்கொண்டு உள்ளே மாட்டிய ஆவி ஊசித்துளையாக வெடிக்கும்.

நிறத்தின் மேல் கிளியர், அதாவது நிறமில்லாத மேல்பூச்சு, போட்டுத் தருகிறோம் என்பார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள். 1965-இல் இந்தக் காரில் இருந்தது ஒரே அடுக்கு நிறச்சாயம்தான், அதன் பளபளப்பு வேறு மாதிரி. கிளியர் போட்டால் டேஷ்போர்டு பிளாஸ்டிக் பொம்மை மாதிரி தெரியும், கண்ணாடியில் வெயில் எதிரொளித்து ஓட்டுகிறவர் கண்ணையும் கூசவைக்கும்.

அடிக்கும் நாள்

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: 2கே சாயத்தின் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. காருக்குள் மூடிய இடத்தில் அதை மூச்சில் இழுத்தால் நிரந்தர ஆஸ்துமா வரலாம். துணி முகமூடியும் சாதாரணத் தூசி முகமூடியும் அதைத் தடுக்காது. தனிக்குழாயில் சுத்தக்காற்று வரும் முகக்கவசம் இல்லாதவர் இந்த வேலையைத் தொடக்கூடாது. ஆகவே கழற்றுவது, தேய்ப்பது, பிரைமருக்குத் தயார் செய்வதுவரை நீங்கள். ஸ்ப்ரே மட்டும் அறை வசதியுள்ள சாயப் பட்டறை. ஸ்பீடோமீட்டரும் விளக்கும் இல்லாத வண்டியைச் சாலையில் ஓட்டிப் போகாதீர்கள், இழுவை லோரியில் ஏற்றுங்கள்.

பட்டறையில் நீங்கள் கேட்க வேண்டியது இவ்வளவுதான். வெற்று இரும்பு தெரியும் இடங்களில் எப்பாக்ஸி, அதன்மேல் நிரப்பும் பிரைமர் இரண்டு பூச்சு, காய்ந்தபின் 600 நம்பர். சாயத்துக்குப் பெரிய ஸ்ப்ரே துப்பாக்கி வேண்டாம், ஸ்டீயரிங் தண்டுக்குப் பின்னால் அது திரும்பாது, 0.8 அல்லது 1.0 மி.மீ. வாயுள்ள சிறியது. கதவுகள் இரண்டும் திறந்திருக்க வேண்டும். முதலில் அடிவிளிம்பு, ஓட்டைகளின் உள் ஓரம், இரண்டு மூலைகள், பிறகு முகப்பு, மேல்பரப்பு கடைசி. மேல்பரப்பை முதலில் அடித்தால் முகப்புக்கு அடிக்கும் சாயத்தூள் அதன்மேல் விழுந்து சொரசொரவென்று ஆகிவிடும். பூச்சுகளுக்கு நடுவில் பத்துப் பதினைந்து நிமிடம். மூடியும் ஆஷ்டிரே முகப்பும் அதே கலவையில், அதே நாளில்.

நேரமும் பாருங்கள். பேராக் பக்கம் விடியற்காலைப் பனி ஈரம் அடங்கப் பத்து மணியாகும், மதியத்துக்குமேல் மழை கட்டும். இடையில் இருக்கிற அந்த மூன்று மணி நேரம்தான் நல்ல நேரம். மழைக்குப் பிறகு மாலையில் விளக்கைப் போட்டு அடித்தால் ஈசல் வந்து ஈரச்சாயத்தில் இறக்கையை விட்டுவிட்டுப் போகும். திறந்த கொட்டகை என்றால் தரையை நனைத்துவிடச் சொல்லுங்கள். லோரி போகிற செம்மண் சாலைத்தூசி வெள்ளைச் சாயத்தில் விழுந்தால் மறைக்கவே முடியாது.

நிறத்தை மாற்றாமல் இருக்கிற சாயத்தையே புதுப்பிப்பதால் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) பக்கம் போகிற வேலை உங்களுக்கு இல்லை. வெளிநிறத்தை மாற்றுகிறவர்கள்தான் பதிவில் மாற்ற வேண்டும்.

திரும்ப மாட்டும்போது

தொட்டால் காய்ந்திருக்கும், ஆனால் உள்ளே இறுகியிருக்காது. ஒரு வாரமாவது விடுங்கள். அவசரப்பட்டு வட்ட நட்டை இறுக்கினால் சாயம் அதன் கீழ் வளையமாகப் பிதுங்கி வெடிக்கும். ஒவ்வொரு நட்டுக்கும் அடியில் மெல்லிய ஃபைபர் வாஷர் போடுங்கள். ஓட்டைகளின் உள்விளிம்பில் ஏறியிருக்கும் சாயத்தைச் சிறு கத்தியால் பின்பக்கம் நோக்கிச் சுரண்டுங்கள். சுவிட்ச் சுழலாமல் பிடிக்கும் பள்ளத்தில் சாயம் நிரம்பியிருந்தால் சுவிட்ச் கோணலாக நிற்கும்.

மாட்டி முடித்தபின் பல்பு எரியவில்லை என்று வருகிறவர்களில் பாதிப்பேருக்குக் காரணம் எர்த். பழுப்பு வயர் எல்லாம் எர்த். அது வந்து சேரும் இடத்தில் சாயம் படிந்திருந்தால் மின்சாரம் திரும்பாது. அந்தத் துளியளவு இடத்தைப் பளபளவென்று சுரண்டி, மாட்டி, மேலே கொஞ்சம் வாசலின் தடவுங்கள். 6 வோல்ட் வண்டியில் இது இரட்டை முக்கியம். அதே வெளிச்சத்துக்கு இரண்டு மடங்கு மின்னோட்டம் போவதால் சிறு துருகூட விளக்கை மங்கச்செய்யும். எல்லா முனைகளையும் தேய்த்து, மீட்டர் பல்புகள் அத்தனையும் புதிதாக மாற்றிவிடுங்கள், 1.2 வாட். 12 வோல்ட் பல்பை 6 வோல்ட்டில் போட்டால் மின்மினி வெளிச்சம்தான் வரும்.

ரப்பர் வளையத்துக்கு எண்ணெய் வேண்டாம், சோப்புத் தண்ணீர் தொட்டு மாட்டுங்கள். ஸ்பீடோமீட்டர் கேபிளைக் கூரிய வளைவு இல்லாமல் ஓட்டுங்கள், வளைந்தால் முள் துடிக்கும். ஸ்டீயரிங் வீலை மாட்டுமுன் சிக்னல் கம்பி நடுவில் நிற்கட்டும், இல்லாவிட்டால் அதைத் திருப்பிவிடும் பல் உடைந்துவிடும். அடையாளத்தைச் சேர்த்து, நட்டை 50 நியூட்டன் மீட்டருக்கு இறுக்குங்கள்.

கடைசியாக பேட்டரி. மைனஸ் வயரை மாட்டும்போது பெரிய தீப்பொறி பறந்தால் எங்கோ வயர் தகட்டில் பட்டிருக்கிறது, உடனே எடுத்துவிட்டுத் தேடுங்கள். பொறி இல்லையென்றால் சாவியை ஒரு நிலை மட்டும் திருப்புங்கள், ஸ்டார்ட் செய்யவேண்டாம். சார்ஜ் விளக்கும் ஆயில் விளக்கும் இரண்டுமே எரிய வேண்டும். நீல வயர் சார்ஜுக்கு, நீலப்பச்சை ஆயிலுக்கு. இரண்டையும் மாற்றி மாட்டினாலும் விளக்குகள் எரியத்தான் செய்யும், அதனால் பலர் கவனிப்பதில்லை. சோதிக்க வழி சுலபம்: எஞ்சினில் ஆயில் சுவிட்சின் வயரை உருவிவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். ஆயில் விளக்கு மட்டும் அணைந்திருக்க வேண்டும், சார்ஜ் விளக்கு அணைந்திருந்தால் வயர் மாறியிருக்கிறது. பீட்டலில் டைனமோவைச் சுற்றும் பெல்ட்டுதான் எஞ்சினைக் குளிர்விக்கும் காற்றாடியையும் சுற்றுகிறது. ஓடும்போது சார்ஜ் விளக்கு எரிந்தால் பெல்ட் அறுந்திருக்கக்கூடும், ஒரு மைல்கூட ஓட்டக்கூடாது. அந்த விளக்கு சரியாகச் சொல்கிறது என்று உறுதியான பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள்.